மறைந்த ரசிகருக்கு ஆட்டத்தின் நடுவே கைதட்டலாமா?

கடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: தங்கள் ஊர்க் கால்பந்து அணி ஆடிய ஆட்டங்களில் ஒன்றையும் விடாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வந்து பார்த்த பெரியவர் ஒருவர் சென்ற மாதம் 68 வயதில் காலமாகிவிட்டார், அடுத்து வரும் போட்டித் தொடரில், ஐரோப்பிய மைதானங்களில் செய்வதைப் போல 68ஆவது நிமிடத்தில் அனைவரும் எழுந்து கைதட்டி அஞ்சலி செலுத்தலாம் என்று இளைஞர்கள் விரும்புகிறார்கள், மூத்தவர்களோ, இறந்தவருக்காகக் கைதட்டுவது என்ன முறை என்று முகம் சுளிக்கிறார்கள். இதற்கு விதி ஏதும் உண்டா, எது சரி என்று கேட்டிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது விதியைப் பற்றிய கேள்வி. உண்மையில் அவர் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். இறந்தவர் ஆட்டக்காரர் அல்லர், சங்கத்தில் பொறுப்பு வகித்தவரும் அல்லர். கோட்டுக்கு வெளியே நின்றவர். அப்படிப்பட்டவருக்கு ஆட்டத்துக்குள்ளே ஓர் இடம் உண்டா, உண்டென்றால் அதைத் தர யாருக்கு உரிமை என்பதே கேள்வியின் உட்பொருள்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரங்களில் நடந்த பள்ளி, கல்லூரி, ஊர்ப் போட்டிகளில் 22 ஆண்டுகள் நடுவராக விசில் ஊதியிருக்கிறேன். தொழில்முறைப் போட்டி எதையும் நான் நடத்தியதில்லை. வெளிநாட்டு மைதானங்களைப் பற்றிச் சொல்பவை அனைத்தும் படித்தும் தொலைக்காட்சியில் பார்த்தும் அறிந்தவை. நம் ஊர் மைதானத்தைப் பற்றிச் சொல்பவை மட்டும் வெயிலில் நின்று கற்றவை. இரண்டையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில் விதி. கால்பந்தாட்டத்துக்கு மொத்தம் 17 விதிகள் உண்டு. அவற்றில் எதுவும் அஞ்சலியைப் பற்றிப் பேசவில்லை. மௌன அஞ்சலி என்பது போட்டியை நடத்துபவர்களின் முடிவு. இரு அணியினரும் நடுவட்டத்தைச் சுற்றி நிற்பார்கள், நடுவர் ஒரு விசில் ஊதித் தொடங்கி வைப்பார், மறு விசிலில் முடியும். அது பந்து உதைபடுவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுவதால் ஆட்ட நேரத்தில் சேராது. கையில் கருப்புப் பட்டை அணிவதும் அப்படித்தான். போட்டி அமைப்பாளர் அனுமதித்தால் போதும். ஆகவே மௌனத்துக்கு அமைப்பாளரின் ஒப்புதலும் நடுவரின் ஒத்துழைப்பும் தேவை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்வையாளர்கள் எழுந்து கைதட்டுவதற்கோ யாருடைய அனுமதியும் தேவையில்லை. பந்து நிற்காது, நடுவர் விசிலைத் தொட மாட்டார், ஒலிபெருக்கி அறிவிப்புகூட வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மௌனம் மேடைக்காரர்களுடையது, நிமிடக் கைதட்டல் கேலரிக்காரர்களுடையது. பதவி எதுவும் இல்லாத ஒரு ரசிகனுக்கு மேடையில் மௌனம் கிடைப்பது அரிது. தன்னைப் போன்ற மற்ற ரசிகர்களிடமிருந்து கைதட்டல் கிடைப்பதை யாராலும் தடுக்க முடியாது.

மௌனம் மைதானத்துக்கு வந்தது போர் நினைவிலிருந்து என்று பொதுவாகச் சொல்லலாம். முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டு நிறைந்த 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டனில் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. அந்த வழக்கம் நாடுகளைத் தாண்டிப் பரவியது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று மலர் வளையம் வைத்து நிற்பவர்களை அவர்கள் பார்த்தே வளர்ந்தவர்கள். மற்றவர்களுக்கு ஜனவரி 30 காலை 11 மணி நினைவிருக்கும். தியாகிகள் தினத்தில் பள்ளி மணி அடித்ததும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்ற பழக்கம்தான் நமக்கு மௌன அஞ்சலியைக் கற்றுத் தந்தது. அதனால்தான் நம்மில் மூத்தவர்களுக்கு மௌனமே மரியாதை என்று படுகிறது. அதில் தவறில்லை.

ஆனால் மௌனத்தைக் காப்பது கடினம். ஒரே ஒருவர் போதும், அதைக் கெடுத்துவிடலாம். ஐரோப்பிய மைதானங்களில் எதிரணி ரசிகர் சிலர் வேண்டுமென்றே கூச்சலிட்டுக் கெடுத்த நிகழ்வுகள் உண்டு. நம் ஊரில் கெடுக்க வேண்டுமென்ற எண்ணமே தேவையில்லை: மஞ்சக்குப்பம் மைதானத்தைப் போல நாற்புறமும் திறந்த இடத்தில் பேருந்தின் ஏர் ஹாரனும் சுண்டல் விற்பவரின் குரலும் போதுமானவை. நான் அறிந்தவரை, நம் வட்டாரத்தில் ஒரு நிமிட மௌனம் ஒருபோதும் ஒரு நிமிடம் நீடித்ததில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே முப்பது முப்பத்தைந்து விநாடியில் முடித்துவைத்திருக்கிறேன். அதற்கு மேல் விட்டால் சிறுவர்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கைதட்டல் எப்போது தொடங்கியது என்பதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இத்தாலியில் சவப்பெட்டி தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது கூடியிருப்போர் கைதட்டி வழியனுப்புவது வழக்கம், இது உறுதி. 2005 நவம்பர் 25 அன்று வட அயர்லாந்து ஆட்டக்காரர் ஜார்ஜ் பெஸ்ட் இறந்தபோது இங்கிலாந்தின் சில மைதானங்களில் மௌனத்துக்குப் பதிலாகக் கைதட்டல் எழுந்ததும், அதன்பின் அது அங்கே பெருகியதும் உறுதி. இத்தாலியப் பழக்கம்தான் இங்கிலாந்துக்குப் போனது என்று பலர் எழுதுகிறார்கள். அது நம்பத்தக்க ஊகம், அவ்வளவுதான். 2011 நவம்பர் 27 அன்று வேல்ஸ் அணியின் மேலாளர் கேரி ஸ்பீட் இறந்த செய்தி வந்த சில மணி நேரத்தில் ஸ்வான்சி மைதானத்தில் நடந்ததும் இதற்கு உதாரணம். மௌனம் என்றுதான் அறிவித்தார்கள். கூட்டம் மௌனமாக இருக்க முடியாமல் கைதட்டத் தொடங்கியது. துயரம் மிகும்போது கூட்டத்துக்குச் சும்மா நிற்பதைவிட ஏதாவது செய்வது எளிதாக இருக்கிறது என்பது என் கருத்து.

இனி, குறிப்பிட்ட நிமிடம். இது பெரும்பாலும் ஆட்டக்காரரின் சட்டை எண்ணிலிருந்து பிறக்கிறது. ஸ்பெயினில் செவில்லா அணியின் அந்தோனியோ புவர்தா 2007 ஆகஸ்ட் மாதம் இறந்தார். அவர் எண் 16, ஆகவே 16ஆவது நிமிடம். எஸ்பான்யோல் அணித்தலைவர் தானி ஹார்க்கே 2009 ஆகஸ்டில் இறந்தார். அவர் எண் 21, ஆகவே 21ஆவது நிமிடம். இத்தாலியில் ஃபியோரென்டினாவின் தாவிதே அஸ்தோரி 2018 மார்ச் மாதம் இறந்ததும் 13ஆவது நிமிடத்துக்கு அதே பொருள் வந்தது. ரசிகர்களுக்குச் சட்டை எண் கிடையாது. ஆகவே அவர்களுக்கு வயது எண்ணாகிறது. சில சமயம் நிகழ்வின் எண். 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்எச்17 உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்களே, அதில் இங்கிலாந்தின் நியூகாசில் அணியின் ரசிகர்கள் இருவர் இருந்தார்கள். நியூசிலாந்தில் தங்கள் அணி ஆடவிருந்த பயிற்சி ஆட்டங்களைப் பார்ப்பதற்காகவே அவ்வளவு தூரம் பயணம் செய்தவர்கள். அடுத்து வந்த ஆட்டங்களில் 17ஆவது நிமிடத்தில் நியூகாசில் ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். அதைவிட எனக்கு வியப்பளித்தது பக்கத்து ஊர்ப் பகையாளிகளான சண்டர்லாந்து அணியின் ரசிகர்கள் செய்தது. ஒரு மலர் வளையம் வாங்க நூறு பவுண்டு திரட்டலாம் என்று தொடங்கினார்கள். முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. கடலூர் முதுநகர்க்காரர்களும் புதுப்பாளையத்துக்காரர்களும் ஒரு இறுதி ஆட்டத்தில் மோதுவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செயல் என்று தெரியும்.

நிமிட எண்ணின் பயனைப் பலர் வெறும் அடையாளம் என்று நினைக்கிறார்கள். அது அடையாளம் மட்டுமன்று, ஒரு ஏற்பாடும்கூட. ஐம்பதாயிரம் பேரைத் தலைவன் யாரும் இல்லாமல், ஒத்திகை இல்லாமல் ஒரே நேரத்தில் எழவைக்க வேண்டுமானால் அனைவர் கண்ணுக்கும் தெரியும் ஒரு கடிகாரமும் அனைவரும் அறிந்த ஒரு எண்ணும் வேண்டும். பெரிய மைதானத்தில் மின்திரைக் கடிகாரம் இருக்கிறது. எண்ணை முந்தைய நாளே செல்பேசி வழியாகப் பரப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் குலையும். அதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் என் கையாலேயே அனுபவித்தேன்.

எண்ணோ ஏற்பாடோ எதுவும் இல்லாமல் நிகழ்ந்த அஞ்சலிதான் என் மனத்தில் மிக ஆழமாக நிற்பது. 2016 மார்ச் 13, ஜெர்மனியின் டார்ட்முண்ட் மைதானம், எதிரணி மைன்ஸ். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் இடம். அதன் தெற்குக் கேலரியில் கால் லட்சம் பேர் நின்றபடியே பார்ப்பார்கள், தொண்ணூறு நிமிடமும் ஓயாமல் பாடுவார்கள். அன்று ஆட்டத்தின்போது ரசிகர்கள் இருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. ஒருவர் பிழைத்தார், முதியவர் ஒருவர் இறந்துவிட்டார். செய்தி வாய்வழியாகவும் செல்பேசி வழியாகவும் பரவப் பரவ, இரண்டாம் பாதியில் பாட்டு நின்றது, கொடிகள் தாழ்ந்தன. யாரும் மௌனம் கேட்கவில்லை. கோல் விழுந்தபோதுகூட வழக்கமான ஆரவாரம் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு முதலில் காரணமே புரியவில்லை என்று பின்னர் சொன்னார்கள். டார்ட்முண்ட் 2-0 என்று வென்றது. முடிந்ததும் ஆட்டக்காரர்கள் தெற்குக் கேலரியின் முன் வரிசையாக நின்றார்கள். இரு அணி ரசிகர்களும் சேர்ந்து, 'நீ ஒருபோதும் தனியாக நடக்க மாட்டாய்' என்று பொருள்படும் அந்தப் பழைய பாட்டைக் கழுத்துத் துண்டுகளை உயர்த்திப் பிடித்துப் பாடினார்கள். இறந்தவர் யாரென்று அங்கிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாது. தங்களில் ஒருவர் என்பது போதுமாக இருந்தது. இங்கே மௌனம் அஞ்சலியாக மாறியது, வழக்கமாக அங்கே மௌனம் இருக்காது என்பதால்தான். அமைதியான கூட்டம் அமைதியாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ரசிகர்கள் கூட்டமாக இறந்த துயரங்களும் உண்டு. அவற்றின் அஞ்சலி வேறு வகையானது, அதில் நீதி கேட்கும் குரலும் கலந்திருக்கும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் மாண்டார்கள். படுகாயமடைந்து நெடுங்காலம் படுத்த படுக்கையாயிருந்த கடைசி ஒருவர் 2021இல் இறந்ததோடு எண்ணிக்கை 97 ஆனது. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கிய அந்த ஆட்டம் 3.06க்கு நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து அதே 3.06க்கு மௌனம் கடைப்பிடித்தார்கள். லிவர்பூல் மைதானத்துக்கும் உள்ளூர்ப் போட்டியாளரான எவர்டன் மைதானத்துக்கும் இடையே, பூங்காவைக் கடந்து, ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு இரு அணிகளின் கழுத்துத் துண்டுகளையும் முடிச்சுப் போட்டு இணைத்தார்கள். ரசிகர்கள் மீது தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணை ஜூரி சொல்ல 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 27 ஆண்டுகளும் அஞ்சலிதான் வழக்கை உயிரோடு வைத்திருந்தது. எல்லா ரசிகர்களும் இதை மதித்தார்கள் என்று சொல்லிவிட்டால் பொய்யாகும். இறந்தவர்களைக் கேலி செய்து பாடும் எதிரணிக் கூட்டங்கள் இன்றும் உண்டு. 2023இல் இங்கிலாந்தின் பிரிமியர் லீக் அதற்கெதிராகத் தனி நடவடிக்கை அறிவிக்கும் அளவுக்கு அது இருந்தது.

நம் நாட்டுக் கதையை நம்மில் பலர் அறியாதிருப்பது வருத்தம். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் கிழக்கு வங்காளம், மோகன் பகான் அணிகள் மோதியபோது கேலரியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அந்த நாளை வங்கத்தில் கால்பந்து ரசிகர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எப்படி என்று கேட்டால், இரத்த தானம் செய்து. இறந்தவனுக்காக ஒரு நிமிடம் நிற்பதைவிட, அவன் பெயரால் ஒரு பாட்டில் இரத்தம் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த அஞ்சலி. உங்கள் இளைஞர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

இருக்கை, சிலை, அஸ்தி போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை உங்கள் கேள்விக்குச் சற்று வெளியே இருப்பவை. ஸ்பெயினின் வலென்சியா அணி, பார்வை இழந்த பின்னரும் மகன் பக்கத்தில் அமர்ந்து வருணிக்க ஆட்டம் கேட்டு வந்த முதிய ரசிகர் ஒருவருக்கு, அவர் வழக்கமாக உட்கார்ந்த 15ஆவது வரிசை 164ஆம் இருக்கையிலேயே வெண்கலச் சிலை வைத்தது. எவர்டனின் பழைய மைதானத்தில் ஆடுகளத்தைச் சுற்றி 800க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி புதைக்கப்பட்டு, இடமில்லாமல் போய் நிறுத்த வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் ஷால்க அணி ரசிகர்களுக்கென்றே கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அணி தொடங்கிய ஆண்டு 1904 என்பதால் அதில் 1904 இடங்கள். நம்மூரில் இதெல்லாம் நடவாது, நடக்கவும் வேண்டாம். அஸ்திக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் மூத்தவர்களின் ஆட்சேபணைக்கு வருகிறேன். இறந்தவருக்குக் கைதட்டுவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று அவர்கள் சொன்னால், நான் பணிவோடு மறுப்பேன். சாவு வீட்டில் சத்தமே கூடாது என்பது நம் மரபு அன்று. நிறைவாழ்வு வாழ்ந்து போனவரின் சாவைக் கல்யாணச் சாவு என்கிறோம். பறையும் வெடியும் பூமாரியும் ஆட்டமுமாகத்தான் பாடை போகிறது. கடலோர ஊர்களிலும் உள்ளூர்ச் சேரிகளிலும் பறையின் அடி மாறுவதைக் கேட்டே ஊர்வலம் எங்கே போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. மௌனமாக வரிசையில் நிற்பதுதான் நமக்கு வெளியிலிருந்து, பள்ளிக்கூடம் வழியாக, வந்து சேர்ந்தது. கைதட்டல் நமக்குப் புதிது. சத்தம் போட்டு வழியனுப்புவது புதிதன்று. இருப்பினும் உங்கள் பெரியவர்களின் தயக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: நம் ஊரில் கைதட்டல் என்றால் வெற்றி, அல்லது கிண்டல். மூன்றாவது பொருள் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. எதற்கென்று அறியாத ஒருவன் காதில் அது எந்தப் பொருளில் விழும் என்று யோசித்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நமக்கென்று ஏற்கனவே ஒரு முறை இருப்பதையும் மறக்க வேண்டாம். அது நினைவுச் சுழற்கோப்பை. கடலூரிலும் புதுச்சேரியிலும் நடக்கும் ஊர்ப் போட்டிகளின் சுவரொட்டிகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் யாரோ ஒருவரின் நினைவாக நடப்பவை. கண்ணீர் அஞ்சலிப் பதாகை பதினாறாம் நாள் கழிந்ததும் வெயிலில் வெளுத்துப்போகும். சுழற்கோப்பையோ ஆண்டுதோறும் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவைக்கும். ஆனால் பெரும்பாலும் அது பணம் படைத்த குடும்பம் தன் வீட்டுப் பெரியவருக்குச் செய்வது. கோப்பைக்கும் பரிசுத் தொகைக்கும் மதியச் சோற்றுக்கும் ஆகும் செலவை ஒரு சாதாரண ரசிகனின் வீட்டார் தாங்க மாட்டார்கள். ஆகவேதான் உங்கள் இளைஞர்களின் யோசனையை நான் மதிக்கிறேன். கைதட்டலுக்குச் செலவில்லை.

சொல்வதாக ஒப்புக்கொண்ட என் அனுபவம் இது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன், கடலூருக்கு அருகே ஓர் ஊரில், மூலைக் கொடிக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்து அதன் மேலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்த்த ஒருவருக்காக இதே ஏற்பாட்டைச் செய்தார்கள். அவருக்கு வயது 52. ஆட்டம் பாதிக்கு முப்பது நிமிடம். 52ஆவது நிமிடம் என்று முடிவாயிற்று. எனக்கும் முன்கூட்டியே சொன்னார்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். மைதானத்தில் கடிகாரம் கிடையாது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் செல்பேசியைப் பார்த்தார்கள். இடைவேளை எப்போது முடிந்தது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஒரு பக்கம் கைதட்டித் தீர்ந்து ஒரு நிமிடம் கழித்து மறுபக்கம் தொடங்கியது. இரண்டாவது அலையில் உற்சாக மிகுதியால் யாரோ ஒரு இளைஞர் விசிலடித்தார், விரலால் அல்ல, உண்மையான விசிலை ஊதினார். பெனால்டி பகுதிக்குள் பந்தோடு நுழைந்துகொண்டிருந்த முன்கள ஆட்டக்காரர் நான்தான் ஊதினேன் என்று நினைத்து நின்றுவிட்டார். வெளியார் விசில் ஆட்டத்தைப் பாதித்தால் ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் கொடுக்க வேண்டும், அதாவது நடுவர் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்பது விதி. நிறுத்தும்போது பந்து பெனால்டி பகுதிக்குள் இருந்ததால் அதைத் தற்காப்பு அணியின் கோல்கீப்பருக்கே விட வேண்டும். விட்டேன். கோல் அடிக்கும் வாய்ப்பை இழந்த அணியினர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அஞ்சலி சண்டையில் முடிந்தது. இறந்தவரின் தம்பி நடுவே வந்து கும்பிட்டுக் கலைத்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அன்று எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே உங்களுக்குச் சொல்வது இது. உங்கள் தொடரில் பாதிக்கு 35 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். முழு ஆட்டமே 70 நிமிடம் என்றால் 68ஆவது நிமிடம் கடைசி மூச்சு நேரம். ஒரு கோல் வித்தியாசத்தில் ஆட்டம் இருந்தால் யார் எழுந்து யாரை நினைப்பார்கள்? வயதை விட்டுவிடுங்கள். எண்ணுக்குப் பதிலாக எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒரு தருணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி தொடங்க ஆட்டக்காரர்கள் உள்ளே வரும் நேரம் மிகப் பொருத்தம்: கூட்டம் தேநீர் குடித்துத் திரும்பியிருக்கும், ஒலிபெருக்கியில் பெயரை ஒருமுறை சொல்லலாம், எதற்குக் கைதட்டுகிறோம் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது, பந்து ஆட்டத்தில் இல்லாததால் விசில் சிக்கலும் இல்லை. அப்படியும் நிமிடம்தான் வேண்டும் என்று இளைஞர்கள் பிடிவாதம் பிடித்தால், அவர் வழக்கமாக இருந்த பக்கத்தில் ஒருவர் அணியின் கொடியை உயர்த்தட்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் எழட்டும். ஒருவர் கையில் ஒரு கடிகாரம், அவ்வளவே. விசிலும் வெடியும் அன்று மட்டுமாவது வேண்டாம். கோல் அடிப்பவர் உள்ளே பெரியவரின் படம் போட்ட பனியன் அணிந்து சட்டையைக் கழற்றிக் காட்டத் திட்டமிட்டிருந்தால் தடுத்துவிடுங்கள். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த ஸ்பெயின் ஆட்டக்காரர் இனியஸ்தா, முன்னே சொன்ன ஹார்க்கேயின் பெயரை அப்படிக் காட்டியபோதும் நடுவர் மஞ்சள் அட்டையைத்தான் காட்டினார். விதியில் விலக்கு இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் வீட்டாரிடம் கேளுங்கள். கருமாதி முடிந்துவிட்டதா, அதன் பின்னும் பெண்கள் வெளியே வரும் நிலையில் இருக்கிறார்களா, அழைத்தால் சங்கடமா என்று பாருங்கள். படத்துக்கு மாலை போடுவது எல்லார் வீட்டு வழக்கமும் அன்று. இஸ்லாமியக் குடும்பமானால் அதைத் தவிர்த்து, பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு தொடரில் ஒருவருக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் செய்தால் மூன்றாம் நாள் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அதை அவர் மகன் பார்க்க நேரிடும்.

அவர் எப்போதும் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியை அன்று காலியாக வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம், கைதட்டலைவிட அது நன்றாகவே இருக்கும். ஆனால் பக்கக்கோட்டிலிருந்து நான்கைந்து அடியாவது தள்ளி வையுங்கள். லைன்ஸ்மேன் ஆட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் ஓடுபவர், காலடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க மாட்டார்.